உயர்சொல்லும் பாற்பாகுபாடும்

ஒருவரை மதித்து வழங்குஞ் சொல், அவர் ஆணா பெண்ணா என்பதையும் உடன் அறிவித்தல் வேண்டுமா என்பது மேனாட்டில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வரும் வினா. ஆங்கிலேயர் ஆடவனை 'மிஸ்டர்' என்னும் ஒரு சொல்லால் அமைத்துக்கொண்டு, பெண்ணை மட்டும் மணமானவள், ஆகாதவள் என இருவகையாக்கி 'மிஸிஸ்', 'மிஸ்' என்று வழங்கினர். இவ்விரண்டும் 'மிஸ்ட்ரெஸ்' என்னும் ஒரே சொல்லின் குறுக்கங்களே. மணநிலை காட்டாத வேறொரு குறுக்கத்தைக் கொள்ளலாம் என 1901 இல் அமெரிக்கப் பத்திரிகையொன்று எழுதியது. அதனை 'நியூயோர்க் டைம்ஸ்' ஏற்க 1986 வரை சென்றது. ஆண், பெண் என்னும் இரண்டனுள் எதனையுங் காட்டாத 'மிக்ஸ்' என்னும் அடைமொழி 1977 முதல் எழுத்திற் காணப்பட்டு, 2015 இல் ஒக்ஸ்போர்ட் அகராதியிற் புகுந்தது.

இச்செய்தியைப் படிக்கும் தமிழாசிரியன் எவனும் நன்னூலை நினையாதிருக்க மாட்டான். 'ஒருவர்' என்ற சொல்லுக்குப் பவணந்தியார் கூறிய விதி, மேனாட்டார் தேடிய பொருள் எம்மிடத்துப் பண்டே உண்டு என்பதைக் காட்டும். ஆயினும், உண்டு என்று மகிழ்ந்து அமைதல் வரலாற்றாசிரியன் செயலன்று. இருந்த பொருள் எவ்வாறு வழங்கிற்று, எவ்விடத்துச் சுருங்கிற்று, யார்க்கு மறுக்கப்பட்டது என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். ஈண்டு அவற்றையே ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் இலக்கணத்திற் பால் ஐந்து: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். இவற்றுள் ஆண், பெண் என்னும் வேற்றுமை உயர்திணை ஒருமைக்கே உரியது. பலர் என்றவுடன் அவ்வேற்றுமை மறைந்துவிடும். 'வந்தார்' என்ற வினைமுற்றுக்கு ஆடவர் பலரும் எழுவாயாகலாம், மகளிர் பலரும் ஆகலாம், இருபாலாருங் கலந்த கூட்டமும் ஆகலாம். ஒருவரை உயர்த்திக் கூற விரும்பிய தமிழர், உலகின் பிறமொழியாளர் பலரும் செய்தவாறே, பன்மைச் சொல்லை எடுத்து ஒருமைக்கு இட்டனர். அங்ஙனம் இட்டபொழுது பன்மையின் இயல்பாகிய பால் காட்டாமையும் உடன்வந்தது. மகளிரைப் போற்றல் வேண்டும் என்றோ, இருபாலாரும் ஒப்பர் என்றோ எவரும் எண்ணிச் செய்த செயல் அன்று அது. இலக்கண அமைப்பின் விளைவாக எமக்குக் கிடைத்த பேறு என்பதே பொருந்தும்.

அயல்மொழிகளை நோக்கின் இதன் அருமை விளங்கும். இந்தியில் 'ஆப்' என்னும் மதிப்புப் பெயர் இருபாற்கும் பொதுவெனினும் அதனைத் தொடரும் வினை ஆண், பெண் வேற்றுமை காட்டும். எம் அயலிலுள்ள சிங்களத்தில் மதிப்புக்குரிய ஆடவரை 'எத்துமா' என்றும் பெண்மணியை 'எத்துமிய' என்றும் வேறு வேறாகவே சுட்டுவர். பெயர்க்குப் பின் 'மஹத்மயா', 'மஹத்மிய' என்று பிரிப்பர். 'வருகிறார்' என்று கூறி அமையும் எளிமை அம்மொழிகளுக்கு இல்லை.

தொல்காப்பியர் இப்பொருளைப் பலவிடத்துத் தொடுகின்றார். 'நீ', 'நீயிர்' என்னும் முன்னிலைப் பெயர்கள் பால் தெரிவியா என்கிறார். 'ஒருவர்' என்னும் பெயர் ஆண், பெண் இருபாற்கும் உரியது என்றும், அது பன்மை முடிபு கொள்ளும் என்றும் வெளிப்படக் கூறுகின்றார். பொருளால் ஒருமை, முடிபாற் பன்மை, பாலாற் பொது என்னும் இயல்புடைய ஒரு சொல்லை இலக்கணநூல் தனியே எடுத்து விதி செய்தமை கருதத்தக்கது. வேறோரிடத்து, ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கிலே உண்டான உயர்சொற் கிளவியேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்கிறார். அஃதாவது, அவர் காலத்து மக்கள் பேச்சில் அம்முறை பரவியிருந்தது. இலக்கணமோ அதனை வழுவமைதியாகவே ஏற்றது.

சங்கச் செய்யுட்கள் இதற்குச் சான்று. புறநானூற்றுப் புலவர் முடிமன்னனையும் 'நீ' என்றே விளித்தனர். அது மதிப்பின்மையன்று, செய்யுள் வழக்கு. ஆயின் தொகை நூல்களில் அப்புலவர்தம் பெயர்கள் 'ஆர்' விகுதி பெற்று நிற்கின்றன. ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், நக்கீரனார் என்பன அவ்வாறு வந்தவை. பாடியவரை மதித்துப் பெயர் பொறித்தோர் ஆண், பெண் என்று நோக்காது ஒரே விகுதியை அளித்தனர். இதனால் நேர்ந்த ஓர் இடர்ப்பாட்டையும் கூறல் வேண்டும். நக்கீரனார் என்பதில் னகரம் உள்ளமையால் ஆண் என அறிகின்றோம். குயத்தியார் என்பதிற் பெண்பாற் சொல் உள்ளமையாற் பெண் என அறிகின்றோம். அத்தகைய அடையாளம் இல்லாத பெயர்களில் விகுதி வாய்திறவாது நிற்கும். சங்ககாலப் பெண்பாற் புலவர் எத்துணையர் என்ற வினாவுக்கு ஆராய்ச்சியாளர் வேறு வேறு தொகை கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பால் காட்டாத மதிப்பு, பிற்காலத்தார் அறிய விரும்பும் ஒரு செய்தியை மறைத்தும் விடுகின்றது. எனினும், யாவர் பாடினார் என்ற வேறுபாடின்றிப் பாட்டு மதிக்கப்பட்டமைக்கு அம்மயக்கமே சான்றாதலும் காண்க.

'அடிகள்' என்னும் சொல் இதனினுஞ் சுவையுடையது. சிலப்பதிகாரஞ் செய்தவர் இளங்கோவடிகள். அந்நூலிற் கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரை வரை வழித்துணையாய் வந்த சமணப் பெண்துறவி கவுந்தியடிகள். மணிமேகலையிற் பௌத்த அறம் உரைப்பவர் அறவணவடிகள். மூவர்க்கும் ஒரே பட்டம். காரணம் எளிது. பெரியோரை நேரே சுட்ட அஞ்சி அவர்தம் பாதத்தைச் சுட்டினர். பாதத்துக்கு ஆண், பெண் என்பதில்லை. 'சந்நிதானம்', 'சமூகம்' என இடத்தைச் சுட்டுவனவும், 'மேதகு', 'மாண்புமிகு' எனப் பண்பைச் சுட்டுவனவும் இவ்வினத்தனவே. ஸ்பானியர் 'தங்கள் கருணை' எனப் பொருள்படும் தொடரைக் குறுக்கி 'உஸ்தெத்' என்று இருபாலார்க்கும் வழங்குவதும் இந்நெறியே. மக்கள் எந்நாட்டவராயினும், பெரியோர் முன் நிற்கும்போது ஆளை விட்டு அவர்தம் அடியையோ பண்பையோ பேசுகின்றனர் போலும். மறைமலையடிகள், விபுலானந்தவடிகள் என இருபதாம் நூற்றாண்டிலும் இச்சொல் உயிர்பெற்றதாயினும், இக்காலத்திற் பெண்துறவியரை அடிகள் எனக் கேட்டல் அரிது. 'மாதாஜி', 'அம்மா' என்பனவே அவர்க்கு வழங்குகின்றன.

சைவ உலகில் நாயன்மார் அறுபத்துமூவருள் மகளிர் மூவர். காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவரும் ஆடவரோடு ஒத்த விகுதியே பெற்றனர். கல்வெட்டுக்களும் அவ்வாறே. 1010 அளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களில் இராசராசன் தமக்கை 'ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்' எனக் குறிக்கப்படுகின்றார். இன்று 'ஆழ்வார்' என்றால் வைணவப் பெரியார் பன்னிருவரை நினைக்கின்றோம். அன்று அஃது ஓர் அரசியின் பெயர்க்கு முன்னும் நின்றது. மன்னனுக்கு அவர் என்ன முறையினர் என்பதைத் 'திருத்தமக்கையார்' என்னுஞ் சொல் உணர்த்தும். இச்சொல்லிலுள்ள 'திரு'வை வாசகர் மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனி, மதிப்புச் சொற்கள் வழங்க வழங்க மதிப்பிழத்தல் இயல்பு. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு போல, 'அவர்' ஒருமைக்கு வழங்கி வழங்கிப் பன்மைப் பொருள் குறையவே, மேலும் ஒரு பன்மை விகுதி வேண்டப்பட்டது. தொல்காப்பியர் அஃறிணைக்கே கூறிய 'கள்' உயர்திணைமேல் ஏறிற்று. திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்னும் வடிவங்கள் உள. பவணந்தியார் அதனைப் பலர்பால் விகுதியாகவே ஏற்றார். நீயிர் நீராகி, நீர் ஒருமைக்கு வந்தபின் பன்மைக்கு நீங்கள் தோன்றிற்று. பின்னர் நீங்களும் ஒருமைக்கு இறங்கி வந்தது.

இவ்விடத்து யாழ்ப்பாணத்தின் பேச்சு தனிச் சிறப்புடையது. தமிழகத்தின் பெரும்பகுதியிற் பேச்சு வழக்கொழிந்து தென்மாவட்டங்களிலே மட்டும் எஞ்சிய 'நீர்' என்னுஞ் சொல், இங்கே நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் நடுவே நின்று நிலவுகின்றது. 'வாரும்', 'இரும்', 'சொல்லும்' என்று கணவன் மனைவியை அழைப்பான். ஆசிரியர் வளர்ந்த மாணாக்கரை அழைப்பர். ஒத்த வயதினர் புதிதாய்ப் பழகுங்கால் ஒருவரையொருவர் அழைப்பர். 'வாரும்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. முன்னிலையில் இப்பொதுமை இன்றுவரை சிதையவில்லை.

படர்க்கையிலோ நிலை வேறு. எழுத்திலே 'அவர்' இருபாற்கும் பொது. ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் 'அவர் வந்தவர்' என்றால் ஆடவர் வந்தார் என்றே யாவரும் பொருள் கொள்வர். பெண்மணியாயின் 'அவா வந்தவா' என்பதே வழக்கு. 'இவா', 'உவா' என்பனவும் அவ்வாறே. 'அவள்' என்பது மதிப்பற்றது, 'அவா' மதிப்புடையது, ஆயினும் அது 'அவர்' அன்று. இவ்வடிவம் எங்ஙனம் வந்தது? 'அவள்' என்பதன் ஈறு கெட்டு வந்தது என்று கூறுவார்க்கு ஒரு கேள்வி உண்டு: ஈற்று ளகரம் கெட்ட அளவில் மதிப்புப் பொருள் எங்கிருந்து வந்து புகுந்தது? 'அவர்' என்பதன் ரகரங் கெட்டு 'அவ' ஆகி, கெட்ட வடிவம் மகளிர்க்கும் கெடாத வடிவம் ஆடவர்க்குமாகப் பிரிந்தன என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. அங்ஙனமாயின், ஒரே சொல்லே இரண்டாகப் பிளந்து, முழுவடிவம் ஆணுக்கும் குறைவடிவம் பெண்ணுக்கும் ஆயிற்று என்க. தமிழகப் பேச்சிலும் பிரிவு நிகழ்ந்தது. வழி மட்டும் வேறு. அங்கே 'அவரு' ஆடவர்க்காக, மகளிர்க்குப் பன்மையாகிய 'அவங்க' பெரும்பாலும் வழங்குகின்றது. கடலின் இருகரையிலும் பொதுச்சொல்லை ஆடவனே தன்னதாக்கிக்கொண்டான். பெண்ணுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதாயிற்று.

வகுப்பிலே இதன் விளைவைக் காணலாம். ஔவையாரைப் பற்றிக் கட்டுரை எழுதும் சிறுவன் 'அவர் பாடினார்' என்று பிழையின்றி எழுதுவான். எழுந்து நின்று சொல்லச் சொன்னாலோ நாத் தடுமாறும். இரண்டு இலக்கணங்களுக்கிடையே அவன் நிற்கின்றான் என்பதை உணராத ஆசிரியர் சினங்கொள்வர்.

பேச்சு ஒருபுறம் இவ்வாறு பிரிக்க, அலுவலகம் மறுபுறம் பிரித்தது. மேலே மனத்திற் கொள்க என்ற 'திரு'வுக்கு இனி வருவோம். செல்வம், அழகு, தெய்வத்தன்மை எனப் பொருள்பட்ட அச்சொல் எப்பாற்கும் உரிமையுடையதன்று, எல்லாவற்றுக்கும் அடையாகும். திருக்கேதீச்சரம், திருமுறை, திருவடி, திருத்தமக்கையார் என ஊர்க்கும் நூற்கும் அடிக்கும் தமக்கைக்கும் அது முன்னின்றது. ஆங்கிலராட்சியிற் கச்சேரியிலும் பாடசாலையிலும் மிஸ்டர், மிஸிஸ், மிஸ் என்னும் மூன்றற்கும் நேராகத் தமிழ்ச்சொல் வேண்டப்பட்டமையால் அத்திரு சுருங்கலாயிற்று. ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்று வடமொழியாற் சில காலம் வழங்கியபின், அவற்றினிடத்திற் திரு, திருமதி, செல்வி என்பன வந்தன. தமிழ்நாட்டில் 1967 இல் அண்ணாதுரை தலைமையில் அமைந்த அரசு இம்மூன்றையும் அரசு வழக்காக்கிற்று. தமிழ்ச்சொல் ஆட்சி பெற்றமை குறித்து நாம் மகிழலாம். ஆயின், மொழி தமிழாயிற்றேயன்றிப் பாகுபாடு ஆங்கிலமாகவே நின்றது. 'திரு' என்னும் பொதுச்சொல் ஆடவனுக்கு ஒதுக்கப்பட்டது. பெண்ணோ தன் பெயரை எழுதுமுன் தான் மணமானவளா என்பதை உலகுக்கு அறிவித்தல் வேண்டும். குந்தவையாரைச் சாசனத்திற் பொறித்தோரும் அவர் இன்னார் தேவியார் என்று கூறினர். ஆயினும் பெயரோடு சேர்ந்த மதிப்புச்சொல் அதனைக் கூறவில்லை. இவ்வேற்றுமை சிறிதன்று.

'ஆசிரியை' என்ற சொல்லையும் இதனோடு எண்ணலாம். ஆசிரியர், மாணவர், கவிஞர், தலைவர் என்பன யாவும் ரகர ஈற்றால் இருபாற்கும் பொதுவாயின. வடமொழிச் சாயலில் ஆசிரியை, மாணவி என்பன பெருகியபோது, எஞ்சிய 'ஆசிரியர்' ஒருமையில் ஆடவரையே குறிக்கத் தலைப்பட்டது. வடமொழி இலக்கண நூலார் தாமே கற்பிக்கும் பெண்ணை 'ஆசார்யா' என்றும், ஆசாரியன் மனைவியை 'ஆசார்யாநீ' என்றும் நுணுகிப் பிரித்தனர்; எமக்கு அந்நுணுக்கமும் வேண்டியதில்லை, இருந்த பொதுச்சொல்லே போதுமானது. பாடசாலைத் தலைமைக்கு ஈழத்தில் வழங்கும் 'அதிபர்' என்னும் சொல் நல்வாய்ப்பாக இன்னும் பிளவுபடவில்லை. மகளிர் கல்லூரியிலும் அதிபரே, ஆடவர் கல்லூரியிலும் அதிபரே.

இதுகாறும் கூறியவற்றால், பண்டைத் தமிழர் மதிப்பிற் சமன்மை கண்டனர் என்று யாரேனும் முடிவுகட்டின் அது பெரும் பிழையாகும். பாலை நோக்காத விகுதி குலத்தையும் பொருளையும் கூர்ந்து நோக்கியது. யாழ்ப்பாணத்து நிலவுடைமையாளர் வீட்டில் ஆடவர் 'நயினார்' எனவும் மகளிர் 'நாச்சியார்' எனவும் 'ஆர்' ஈறு பெற்றனர். அவர்க்குத் தொண்டு செய்தவர் நரைத்த முதியோராயினும் 'நீ', 'அவன்', 'அவள்' என்றே வழங்கப்பட்டனர். எழுபது வயதினரை ஏழு வயதுப் பிள்ளை 'வாடா' என்றழைத்த நாட்கள் எம் பெற்றோர் நினைவுக்கு எட்டாத காலத்தன அல்ல. கதைகளிலே நரியும் 'நரியார்' எனப்பட்ட நாட்டில், மனிதரிற் பலர்க்கு அவ்விகுதி எட்டவில்லை. மதிப்புச்சொல்லின் வரலாறு எழுதுவோர் அது யார்க்குக் கிடைத்தது என்பதோடு யார்க்குக் கிடையாதொழிந்தது என்பதையும் எழுதுதல் கடன்.

அக்குறையை நீக்க எழுந்த இயக்கங்கள் புதிய விளிச்சொல்லைத் தேடியமை வியப்பன்று. பிரெஞ்சுப் புரட்சியாளர் பட்டங்களை ஒழித்து யாவரையும் 'குடிமகன்' என்றபோதும், பெண்ணுக்கு வேறு வடிவமே வழங்கினர். அம்மொழியின் இயல்பு அத்தகையது. 1932 இன் இறுதியில் ஐரோப்பியப் பயணத்தினின்று மீண்ட ஈ. வெ. இராமசாமி, பெயர்களின் முன் 'தோழர்' என்று வழங்குமாறு வேண்டினார். தோழன், தோழி என்னும் இரண்டும் இருக்க, ரகர ஈற்றுத் தோழரே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈழத்தில் 1935 இல் தோன்றிய சமசமாசக் கட்சியும் அதன்பின் வந்த பொதுவுடைமைக் கட்சியும் தமிழிற் பேசியபோது அச்சொல் இங்கும் நிலைத்தது. குலம், பால், மணநிலை என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்காத விளிச்சொல் தமிழிலே பெருவழக்குற்றது இவ்வொன்றே எனலாம். கட்சிக்கு வெளியே அது பரவாமையும் உண்மை.

அரசியற் பதவிப் பெயர்களிற் பழைய பொதுமை இன்றும் காணப்படுகின்றது. 1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமராயினார். 1994 இல் சந்திரிகா குமாரதுங்கா சனாதிபதியாயினார். 2024 இல் ஹரிணி அமரசூரிய பிரதமராயினார். இவர்களைக் குறிக்கும்போது ஆங்கிலத்தாரும் சிங்களத்தாரும் சொல்லை மாற்றவேண்டியிருந்தது. தமிழிலோ 'கௌரவ' என்றும் 'அதிமேதகு' என்றும் 'அவர்கள்' என்றும் முன்னிருந்த சொற்களே எழுத்துந் திரியாமல் அமைந்தன. 

ஆண், பெண் என்னும் இருபாகுபாட்டில் தம்மை அடக்காதோர்க்கும், பிறப்பிற் கூறப்பட்ட பாலினின்று மாறி வாழ்வோர்க்கும் தமிழிற் சொல் வேண்டப்பட்டபோது, தமிழகத்தில் ஆக்கப்பட்ட சொற்களுள் ஒன்று 'திருநர்'. பெண்ணாக வாழ்வோரைத் திருநங்கை என்றும் ஆணாக வாழ்வோரைத் திருநம்பி என்றும் கூறி, யாவர்க்கும் பொதுவாகத் திருநர் என்பர். ஆடவனுக்கென ஒதுக்கப்பட்ட 'திரு' இச்சொல்லிலே தன் பழைய பொதுமையை மீளப் பெற்றது. ஈற்றில் நிற்பதோ தொல்காப்பியர் கண்ட அதே ரகரம்.

கல்லூரி ஆண்டு மலர்களில் ஆசிரியர் பெயர்ப்பட்டியல் ஒவ்வோராண்டும் திரு., திருமதி., செல்வி. என்னும் மூன்று அடைகளோடு வெளிவருகின்றது. ஓராண்டு செல்வியாயிருந்த பெயர் மறு ஆண்டு திருமதியாகி, சிலவேளை முதலெழுத்தும் மாறி வருதலால், பழைய மாணவர் தம் ஆசிரியரைப் பட்டியலிலே தேடிக் காணாது மயங்குவர். அடைகளை நீக்கிப் பெயரை மட்டும் எழுதி, வேண்டுமிடத்து 'அவர்கள்' என்று முடித்தல் இலக்கணத்துக்கும் பொருந்தும், வழக்குக்கும் பொருந்தும். பட்டியலின் மேலே 'ஆசிரியர்' என்று ஒரே தலைப்பிடுதலும் போதும். இதற்குப் புதுச்சொல் ஒன்றும் ஆக்கவேண்டியதில்லை.

எம்மவர் இதனை முற்றாக அறியாதவரும் அல்லர். ஈழத்து மரண அறிவித்தல்களிலும், அந்தியேட்டி நாளில் வழங்கும் நினைவு மலர்களிலும், இறந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் 'அமரர்' என்ற ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றார். ஆயினும் மலரின் முகப்பை ஊன்றி நோக்கின், ஆடவர் பெயர்க்கு முன் அமரர் என்பது தனித்து நிற்ப, பெண்மணியின் பெயர்க்கு முன் 'அமரர் திருமதி' என்று இரண்டுஞ் சேர்ந்து நிற்றலைப் பலவிடத்தும் காணலாம்.